இருபத்தைந்து நிமிடத்தில் உங்களுடையது எவ்வளவு?

அன்புள்ள சார்,

நெதர்லாந்தில், ஐந்தோவனில் டேட்டாபேஸ் வேலையில் இருக்கிறேன். பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டின் டேட்டாபேஸ் டெவ்ரூமுக்கு (அந்தத் துறைக்கென்று ஒதுக்கும் அறை) ஒரு பேச்சு அனுப்பியிருந்தேன், எடுத்துக்கொண்டார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் தமிழ்ச் சொற்களைத் தேடும்போது வரும் சிக்கல்கள்தான் தலைப்பு. 25 நிமிடம். மேடையில் பேசிப் பழக்கமில்லை. 41 ஸ்லைடு தயார், நடுவில் ஒரு லைவ் டெமோ. ரயில், ஓட்டல் எல்லாம் என் செலவு என்று தெரிந்ததும் அலுவலக நண்பர், "காசு கொடுக்காத இடம்தானே, ரொம்ப மெனக்கெடாதே" என்கிறார். அவர் சொல்வது சரியா? டெமோ வைக்கலாமா? என் ஆங்கிலமும் அவ்வளவு சரளம் இல்லை.

ர., ஐந்தோவன்

*

அன்புள்ள ர.,

நண்பர் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் விற்கும் மாநாட்டில் பேச்சாளருக்காக மெனக்கெடச் சம்பளத்துக்கு ஆள் இருக்கும். உங்கள் ஸ்லைடை முன்கூட்டியே வாங்கிச் சரிபார்ப்பார்கள், மைக் மாட்டிவிடுவார்கள், மேடைக்குப் பக்கத்தில் மாற்று லேப்டாப் ஒன்று காத்திருக்கும். ஃபாஸ்டெமில் அந்த வேலையில் பாதி உங்கள் தலையில். 2000-இல் ஓஸ்டெம் என்று தொடங்கி, பிறகு முன்னால் ஓர் எழுத்து ஏறிக்கொண்ட கூட்டம் அது. யூஎல்பி பல்கலைக்கழகத்தின் சொல்போஷ் வளாகத்தில், குளிர்காலத்து வார இறுதி ஒன்றில் இரண்டு நாள். டிக்கெட் இல்லை, பதிவு இல்லை, கழுத்தில் பெயர் அட்டைகூட இல்லை. ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், நடத்துகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். உங்கள் அறையில் கேமராவைப் பார்த்துக்கொள்கிறவரும், "5 நிமிடம்" அட்டையைத் தூக்கிக் காட்டுகிறவரும், கதவடியில் கூட்டத்தை நிறுத்துகிறவரும் உங்களைப் போலவே வார நாளில் எங்கோ கோட் எழுதுகிறவர்கள். சில சமயம் மூன்றும் ஒரே ஆள்.

முதலில் நேரக் கணக்கு. 25 நிமிடத்தில் எவ்வளவு உங்களுடையது என்பது அட்டவணையிலேயே இருக்கிறது. உங்கள் பேச்சு முடியும் அதே நிமிடத்தில் அடுத்தவர் பேச்சு தொடங்குவதாகப் போட்டிருந்தால், ஆள் மாறும் நேரமும் உங்கள் கணக்கில்தான் கழியும். ஒரு பக்கம் எழுந்து போகிறவர்கள், மறுபக்கம் பெஞ்சுக்குள் நுழைகிறவர்கள், நடுவில் நீங்கள் கேபிள் மாட்டவேண்டும். அதற்கு 4 நிமிடம். கேள்விக்கு 4 நிமிடம். மிச்சம் 17. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 120 ஆங்கிலச் சொல் போகும். ஆக மொத்தப் பேச்சே ஏறக்குறைய 2000 சொல். அதற்கு 14 ஸ்லைடு தாராளம். 5 நிமிட இடைவெளி தனியாக விட்டிருந்தாலும் இதே அளவுக்கே தயாரியுங்கள். சீக்கிரம் முடித்ததற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. இழுத்தால் நஷ்டம் அடுத்து பேசுகிறவருக்கு. அவரும் தன் கைக்காசில் ரயில் டிக்கெட் எடுத்து வந்தவர்.

41-இல் எதை வெட்டுவது? நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் அறிமுகம், "இன்று பார்க்கப்போவது" பட்டியல், போஸ்ட்கிரெஸ் என்றால் என்ன (டேட்டாபேஸ் டெவ்ரூமில் போய் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது), கடைசியில் பெரிய எழுத்தில் "நன்றி". இதிலேயே பத்து போய்விடும். மீதியில் எடுத்துக்காட்டுகளைக் குறையுங்கள். தமிழ் தெரியாத அறைக்கு ஐந்து தமிழ்ச் சொல்லுக்கு மேல் தாங்காது.

அந்த ஐந்தையும் எப்படிக் காட்டுகிறீர்கள் என்பதில்தான் உங்கள் பேச்சு நிற்கும். "வீட்டிலிருந்து" என்பதை எடுத்துக்கொள்வோம். ஸ்லைடில் மூன்று வரி: மேலே தமிழ்ச் சொல் பெரிதாக, நடுவில் "வீட்டு + இலிருந்து" என்று பிரித்து ரோமன் எழுத்தில், கீழே ஆங்கிலப் பொருள். விகுதியை மட்டும் சிவப்பாக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். பிரியும் இடம் "டி" என்ற எழுத்துக்குள்ளேயே விழுகிறது. மெய் ஒரு நிறம், அதன் மேல் ஏறிய இகரக் குறி இன்னொரு நிறம் என்று கொடுத்தால் பல மென்பொருள்கள் எழுத்தையே உடைத்து, குறியைத் தனியாகப் புள்ளிவட்டத்தில் தொங்கவிடும். நிறத்தை ரோமன் வரியில் வையுங்கள். பிறகு ஒரு வாக்கியம்: ஃபின்னிய மொழியில் "தாலோ" என்றால் வீடு, "தாலோஸ்தா" என்றால் வீட்டிலிருந்து. அறையில் ஃபின்லாந்து, ஹங்கேரி, துருக்கிக்காரர்கள் யாராவது இருந்தால் அந்த இடத்தில் தலையாட்டுவார்கள், அவர்கள் மொழியும் ஒட்டுச் சேர்த்துக்கொண்டே போவதுதான். அதற்கு அடுத்து, விகுதியை வெட்டினால் மட்டும் "வீடு" வராது, "வீட்டு" என்றுதான் நிற்கும் என்று காட்டினால் சிக்கல் முழுக்கப் புரிந்துவிடும். மூன்று நிமிடத்தில் முடிகிற வேலை, பத்து ஸ்லைடு தேவையில்லை.

டெமோவுக்கு வருவோம். வைக்கலாம், ஆனால் இணையத்தை நம்பி வைக்கக் கூடாது. ஃபாஸ்டெமின் முதன்மை வைஃபை 2014-லிருந்து ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறை மட்டும். பழைய முறை முகவரிகளுக்குப் போக, நடுவில் முகவரியை மாற்றித்தரும் மொழிபெயர்ப்பு ஒன்று ஓடுகிறது. பிரவுசருக்கு அது போதும். ஆனால் அலுவலக விபிஎன், முகவரியை எண்ணாகவே எழுதிவைத்த ஸ்கிரிப்ட், கன்டெய்னர் நெட்வொர்க் இவற்றில் ஏதாவது ஒன்று முரண்டு பிடிக்கும். பழையது, புதியது இரண்டு முறையும் ஓடும் தனி வைஃபை ஒன்று இருக்கத்தான் செய்கிறது, இருந்தாலும் மேடையில் நின்று வைஃபை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். உங்களுக்கு இதில் ஒரு சௌகரியம்: தமிழ் ஸ்டெம்மர் (சொல்லின் விகுதியை வெட்டித்தரும் கருவி) 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸோடு சேர்ந்தே வருகிறது, தனியாக இறக்க ஒன்றுமில்லை. டேட்டாபேஸ், தரவு எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றி, வீட்டிலேயே வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை முழுதாக ஓட்டுங்கள். எது விடுபட்டது என்று அப்போது தெரியும்.

இன்னொரு பள்ளம், இது தமிழுக்கே உரியது: டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரை. அது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் போட்டு வைத்திருக்கிறது. "கொ" போன்ற எழுத்தை அந்தக் கட்டத்துக்குள் அடைக்கத் தெரியாமல், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகப் போகும், அட்டவணையின் கோடுகள் வரிக்கு வரி விலகும். பார்க்கிறவர்கள் உங்கள் தேடல் தவறிவிட்டது என்று நினைப்பார்கள். அதனால் விடைகளைப் பிரவுசரில் ஒரு சாதாரணப் பக்கமாகக் காட்டுங்கள். இன்னும் நல்லது, முன்பே ஓடவிட்டுத் திரையைப் பதிவுசெய்து வைத்த 90 விநாடி வீடியோ, ஒலி இல்லாமல். அது ஓட ஓட நீங்கள் மேலே பேசலாம். லைவ்தான் வேண்டும் என்றால் மேடையில் எதையும் தட்டச்சு செய்யாதீர்கள். கட்டளைகளைக் கோப்பில் எழுதிவைத்து ஒவ்வொன்றாக ஓட்டுங்கள்.

ஸ்லைடை பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள், எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்க வேண்டும். லேப்டாப் கைவிட்டு இன்னொருவருடையதை வாங்கும்படி ஆனால், அதில் தமிழ் எழுத்துரு இருக்காது, கட்டம் கட்டமாக நிற்கும். அதே பிடிஎஃப்பை மாநாட்டுத் தளத்தில் உங்கள் பேச்சின் பக்கத்திலும், ஒரு பென் டிரைவிலும் போட்டுவையுங்கள். அளவு 16:9, எழுத்து 28 புள்ளிக்குக் குறையாமல். வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ மாட்டி, தெளிவுத்திறனை 1280-க்கு 720 என்று இறக்கி, அறையின் கடைசியில் நின்று படித்துப் பாருங்கள். படிக்க முடிந்தால், போனில் நேரலை பார்க்கிறவருக்கும் தெரியும்.

அறையில் கிடைப்பது எச்டிஎம்ஐ கேபிள். உங்கள் லேப்டாப்பில் யூஎஸ்பி-சி மட்டும் என்றால் அடாப்டர் இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று நிச்சயம் அடம்பிடிக்கும். படம் புரொஜெக்டருக்குப் போகும் வழியிலேயே பதிவுப் பெட்டிக்கும் போகிறது. கேபிள் தளர்ந்தால் அறை, நேரலை இரண்டும் ஒன்றாக இருளும். திரையை மிரர் செய்துவிட்டு, குறிப்பைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு ஒரு திரை, ஸ்லைடு ஒரு திரை என்று பிரிக்கப்போனால் அறை முழுக்க உங்கள் குறிப்பைப் படிக்கும், அதைச் சரிசெய்யவே 2 நிமிடம் போகும். அறிவிப்புகள், திரை அணைவது, அப்டேட் மூன்றையும் நிறுத்துங்கள். சார்ஜர் இந்தியாவில் வாங்கியதா? மூன்று முள் பிளக் என்றால் பெல்ஜியம் சாக்கெட்டில் நுழையாது.

அறைக்கு ஒரு பேச்சு முன்னதாகவே போய்விடுங்கள். உட்கார இடம் தீர்ந்தால் கதவில் "நிறைந்துவிட்டது" என்று தாள் ஒட்டி அடைத்துவிடுவார்கள். தீ விபத்து விதி, நின்று கேட்கவும் விடமாட்டார்கள். பேச்சாளர்களே வெளி வரிசையில் மாட்டிக்கொள்வது உண்டு. கழுத்தில் அட்டை இல்லாததால் யாருக்கும் உங்களைத் தெரியாது. "அடுத்த பேச்சு என்னுடையது" என்று கதவிலிருப்பவரிடம் நீங்களேதான் சொல்லவேண்டும்.

உடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் எழுதுவதில்லை. கொடுக்கப்போவது உடையில் கவ்வும் மைக் என்றால் அதற்குக் கழுத்தோரம் வேண்டும், அதன் டிரான்ஸ்மிட்டருக்குப் பாக்கெட்டோ பெல்ட்டோ வேண்டும். பாக்கெட் இல்லாத சுடிதாரில் அந்தப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பேச வேண்டியிருக்கும். துப்பட்டா, குளிர் ஜாக்கெட், சங்கிலி எது மைக்கில் உரசினாலும் பதிவில் சரசரவென்று கேட்கும். கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

ஆங்கிலம் குறித்த கவலையை விடுங்கள். எதிரே இருப்பவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, இத்தாலியன் பேசி வளர்ந்தவர்கள், அவர்களுக்கும் அது கற்றுக்கொண்ட மொழிதான். அவர்களைத் தடுமாறவைப்பது உச்சரிப்பைவிட வேகம். முதல் மூன்று வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், வாய் சூடாகும்வரை அது போதும். பதிப்பு எண், அளவு எதையும் வாயால் மட்டும் சொல்லாமல் ஸ்லைடிலும் போடுங்கள்.

கேள்வி வந்தால், பதிலுக்கு முன் கேள்வியை நீங்கள் ஒருமுறை மைக்கில் சொல்லவேண்டும். கேட்டவர் கையில் பெரும்பாலும் மைக் இருக்காது, பதிவில் வெறும் பதில்தான் விழும். சொல்லிப்பார்க்கும்போதே யோசிக்கவும் நேரம் கிடைக்கும், ஆங்கிலம் தவறாகக் காதில் விழுந்திருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். கேள்வியே இல்லாமல் சொற்பொழிவு செய்கிறவர் ஒருவர் இருப்பார். "வெளியே பேசலாம்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே வெளியே போய்ப் பேசுங்கள். மேடையடியில் நின்று பேசினால் அடுத்தவருக்குக் கேபிள் மாட்ட இடமில்லை.

பேச்சு அனுப்பும்போதே பதிவை சிசி-பை உரிமத்தில் வெளியிட ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம். எனவே வடிவேலு படம், வாடிக்கையாளர் தரவு இரண்டும் வேண்டாம். எடுத்துக்காட்டு உரைக்குக் காப்புரிமை முடிந்த பழைய நூல் ஒன்றை எடுங்கள். அலுவலகத்தில் அனுமதி வாங்கவில்லையென்றால் இந்த வாரமே எழுத்தில் வாங்குங்கள். மாநாடு முடிந்ததும் மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வரும். பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஒலி சரியா என்று பார்த்து ஒப்புதல் தரவேண்டும். பார்க்காமல் விட்டால் வீடியோ வெளிவருவது தள்ளிப்போகும். நேரில் கேட்பவர்களைவிட அந்த வீடியோவில் பார்ப்பவர்களுக்குத்தான் தமிழ்த் தேடல் தேவைப்படும், சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும்.

கைதட்டல் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு நேரே வெளியே போய்விடாதீர்கள். மைக் இன்னும் உங்கள் கழுத்தில் இருக்கும். அடுத்தவர் அதற்காகத்தான் காத்திருப்பார்.