ஓடின் கொடுத்த கண்: வாசகர் கேள்வி - பதில்

(நார்ஸ் புராணத்தை, அதாவது ஸ்காண்டிநேவிய நாடுகளின் பழங்கதைகளை, வைத்துக் கதை எழுதுவது பற்றி, புதுச்சேரி, கடலூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள்.)

கே: நார்ஸ் புராணத்தை வைத்துத் தமிழில் ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தேவர்களின் தலைவன் ஓடின், இடித்தேவன் தோர், தந்திரக்காரன் லோகி மூவரும் வருகிறார்கள். இந்த வகைக் கதையைத் தேடிப் படிப்பவர்கள் முக்கியமாக எதை எதிர்பார்ப்பார்கள்?
- வாசகி, லாஸ்பேட்டை

ப: பெயர்களை அல்ல. உங்கள் கதையில் ஓடின் என்று வரும் இடத்தில் எல்லாம் 'மகேந்திர பூபதி' என்று போட்டுப் பாருங்கள். கதை ஒரு சிராய்ப்பும் இல்லாமல் நகர்ந்தால், அது பனி பெய்கிற ராஜா கதை, அவ்வளவுதான்.

இந்தப் புராணத்தில் எதுவும் சும்மா கிடைப்பதில்லை. அறிவு வேண்டி மிமிரின் ஊற்றுக்குப் போன ஓடின் ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் குடித்தான். ரூன் என்ற பழைய வடநாட்டு எழுத்துகளின் ரகசியத்துக்காக ஈட்டிக் காயத்தோடு, அன்னம் தண்ணீர் இல்லாமல், ஒன்பது இரவுகள் மரத்தில் தொங்கினான். ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்டியதைப் பாருங்கள். இரும்புச் சங்கிலிகள் தோற்றபின் குள்ளர்கள் ஒரு நாடாவைச் செய்து கொடுத்தார்கள். சேர்மானம் ஆறு: பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில். ஓநாய்க்குச் சந்தேகம். "உங்களில் ஒருவர் என் வாயில் கை வைத்தால் கட்டிக்கொள்கிறேன்" என்றது. அவிழ்த்துவிடும் எண்ணம் தேவர்கள் யாருக்கும் இல்லை. அது தெரிந்தே டீர் என்ற தேவன் தன் வலது கையை வைத்தான். கட்டு இறுகியது, கை போயிற்று.

ஏமாற்றியது தேவர்கள் தரப்பு என்பதைத் தவறவிடாதீர்கள். விவரம் தெரிந்த வாசகர் தேடுவது இந்த உறுத்தலைத்தான். நல்லவர், கெட்டவர் என்று இரண்டு வரிசையில் நிறுத்தினால் அவருக்குச் சப்பென்று ஆகிவிடும்.

எழுதும்போது ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: யாருக்கு என்ன கிடைத்தது, விலை என்ன, அந்த விலை எந்த அத்தியாயத்தில் வசூலாகிறது. மூன்றாவது பத்திதான் முக்கியம். ஃப்ரெயர் என்ற தேவன் தான் காதலித்த பெண்ணை அடைய, தூது போனவனிடம் தன் வாளைக் கொடுத்துவிடுகிறான். அப்போது அது பெரிதாகத் தெரியாது. கடைசிப் போரில் சுர்ட் என்ற நெருப்பு ராட்சதன் எதிரே வந்து நிற்கும்போது கையில் வாள் இல்லை. மந்திரம் போட்டதும் வீரனுக்குக் களைப்பு வந்தது, தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது என்பது விலை ஆகாது.

இன்னொன்று. ஓடின், தோர், லோகி மூவரையே பார்த்துப் பார்த்து வாசகருக்கு அலுத்துவிட்டது. பனிச்சறுக்கும் வில்லுமாகத் திரியும் ஸ்காடி, விதியை வகுக்கும் நார்ன் சகோதரிகள், வருங்காலம் சொல்லும் வொல்வா, புதைமேட்டிலிருந்து எழுந்துவரும் டிராகர் என்று ஆட்கள் நிறைய உண்டு. டிராகர் புகைமாதிரி மிதக்கும் ஆவி இல்லை. கனத்த உடம்போடு வந்து கட்டிப்பிடித்துச் சண்டை போடும் பிணம். கிரெட்டிர் சாகா என்ற பழைய ஐஸ்லாந்துக் கதையில், கிளாம் என்ற டிராகரை வீழ்த்தியபின் தலையை வெட்டித் தொடையருகே வைத்து, பிறகு எரிக்கிறார்கள்.

கே: லோகி தோரின் தம்பியா, இல்லையா? வீட்டில் தினமும் இதே சண்டை.
- வாசகர், கடலூர் முதுநகர்

ப: சினிமாவில் தம்பி. மூலத்தில் லோகியின் தகப்பன் ஃபார்பவுட்டி என்ற ராட்சதன், தாய் லவ்வே. ஓடினோடு இரத்தம் கலந்து சகோதரனானவன். அப்படி முறை பார்த்தால் தோருக்குச் சித்தப்பா. கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அவனை முழு வில்லனாக்கிவிடாதீர்கள். தோரின் சுத்தியல் தேவர்களிடம் வந்து சேர்ந்ததே லோகி செய்த வம்பினால்தான். குள்ளர்கள் அதைச் செய்யும்போது ஈயாக மாறிப் போய்க் கடித்துக் கெடுத்ததால் பிடி குட்டையாகிப்போனதும் அவனால்தான்.

கே: ரக்னராக் என்ற கடைசிப் போரில் எல்லாரும் சாகப்போகிறார்கள் என்று வாசகருக்கு முன்பே தெரியும். பிறகு விறுவிறுப்புக்கு எங்கே போவது?
- வாசகர், நெல்லிக்குப்பம்

ப: உங்கள் பக்கத்தில் இருந்து வரும் கேள்வியா இது! கர்ணன் சாவான் என்று தெரியாமலா ஊர்சனம் விடியவிடிய உட்கார்ந்து கர்ண மோட்சம் கூத்துப் பார்க்கிறது?

ஓடினுக்கே தன் சாவு தெரியும். ஃபென்ரிர் அவனை விழுங்கும். தோர் கடல்பாம்பைக் கொன்றுவிட்டு ஒன்பது அடி நடந்து அதன் விஷத்தில் விழுவான். தேவர்களின் காவலன் ஹைம்டாலும் லோகியும் ஒருவரை ஒருவர் கொல்வார்கள். தெரிந்தும் ஓடின், வல்ஹல்லா என்ற தன் மண்டபத்துக்கு இறந்த வீரர்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறான். ஆகவே முடிவை ஒளித்துவைக்காதீர்கள். முதல் ஐந்தில் ஒரு பங்கு முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு யார் யாரைக் கைவிடுவார்கள், யார் கடைசிவரை நிற்பார்கள் என்பதில்தான் வாசகரின் மனம் போகும்.

இங்கே பலரும் செய்யும் தப்பு, கடைசி அத்தியாயத்தில் நாயகன் ரக்னராக்கையே தடுத்து நிறுத்திவிடுவது. டீர் இழந்த கை, ஓடின் கொடுத்த கண் எல்லாம் அந்த நொடியில் வீணாகிவிடும். நம்பிக்கையோடு முடிக்க ஆசை என்றால் மூலத்திலேயே வழி இருக்கிறது: தண்ணீரில் மூழ்கிய பூமி பச்சையாக மேலெழுகிறது, இறந்துபோன ஓடினின் மகன் பால்டர் திரும்புகிறான், மரத்தில் ஒளிந்திருந்த லிஃப், லிஃப்திராசிர் என்ற இரு மனிதர்கள் பிழைக்கிறார்கள்.

இரண்டாவது தப்பு, நேராகப் போருக்கு ஓடுவது. அதற்கு முன் கோடையே இல்லாமல் தொடர்ந்து மூன்று குளிர்காலம் வருகிறது. கதைக்கான சரக்கு அங்கே கொட்டிக்கிடக்கிறது. அந்த நாட்டில் மாடுகள் குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில்தான் இருக்கும். கோடையில் அறுத்துக் காயவைத்த புல்தான் தீனி. புல் எவ்வளவு என்று பார்த்து, மிஞ்சிய மாடுகளை இலையுதிர்காலத்திலேயே வெட்டிவிடுவார்கள். முதல் வருடம் சமாளிக்கலாம். இரண்டாம் வருடம் சினைமாட்டை வெட்டவேண்டி வரும், அதற்கடுத்து விதைத் தானியம். மூன்றாம் வருடம் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள் என்று பழம்பாட்டு சொல்வதற்கு ராட்சதன் எதற்கு, கருவாடு தீர்ந்துபோனால் போதாதா?

கே: பிறந்தது முதல் கடலைப் பார்த்தவன். கப்பல் காட்சிகளை என் அனுபவத்தை வைத்தே எழுதிவிடலாமா?
- வாசகர், தேவனாம்பட்டினம்

ப: பாதி எழுதலாம். அலை உடையும் இடத்தைக் கடந்து கரையேறுவது, நீரின் நிறம் பார்த்து ஆழம் சொல்வது, பறவையை வைத்துக் கரையைக் கணிப்பது, இதெல்லாம் அப்படியே உதவும். கப்பலும் குளிரும் வேறு.

1880இல் நார்வேயில் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 23 மீட்டர், பக்கத்துக்கு 16 துடுப்பு. ஓக் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறும்படி வைத்து இரும்பு ஆணி அடித்திருக்கும். பாய் ஒன்றே ஒன்று, சதுரமானது. சுக்கான் பின்னால் நடுவில் கிடையாது. வலப்பக்கம் கட்டிய பெரிய துடுப்புதான் சுக்கான். கேபின் இல்லை, சக்கரம் இல்லை, திசைகாட்டி இல்லை. தலைவன் 'தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான்' என்று ஒரு வரி வந்தாலே தெரிந்தவர் சிரித்துவிடுவார்.

நம் கடல்நீர் 28 டிகிரி அளவில் இருக்கும். விழுந்தவன் மணிக்கணக்கில் நீந்தலாம். அங்கே 5 டிகிரி நீரில் சில நிமிடங்களிலேயே விரல்கள் சொன்னபடி கேட்காது, கயிற்றைப் பிடிக்க முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியதை மனதில் வைத்து எழுதுவீர்கள் என்று தெரியும். காற்றின் இரைச்சலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புயலின் கண் கடக்கும்போது வரும் திடீர் அமைதி வட அட்லாண்டிக் குளிர்காலப் புயலில் வழக்கமில்லை.

ரான் என்ற கடல் தேவியை விட்டுவிடாதீர்கள். மூழ்குகிறவர்களை வலைபோட்டுப் பிடிப்பவள். அவள் மகள்கள் ஒன்பது பேரும் அலைகள். அவளை உங்களைவிட நன்றாக எழுத யாரால் முடியும்?

கே: வைக்கிங் கப்பல் ஒன்று அரிக்கமேட்டுக்கு வருகிறது. சாத்தியமா?
- வாசகர், அரியாங்குப்பம்

ப: காலம் ஒட்டவில்லை. அரிக்கமேட்டின் ரோமானிய வணிகம் செழித்தது கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் காலம் என்று பொதுவாகச் சொல்வது 793 முதல் 1066 வரை. இங்கே அது பிற்காலப் பல்லவர், சோழர் காலம். ராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது 1025இல். அதற்குச் சுமார் கால் நூற்றாண்டு முன்புதான் லைஃப் எரிக்சன் என்ற வைக்கிங் மாலுமி வட அமெரிக்கக் கரையைத் தொட்டான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே கற்பனை வேலைசெய்யத் தொடங்கும்.

கப்பலை இவ்வளவு தூரம் ஓட்டிவர வேண்டாம், பொருளை நகர்த்துங்கள். ஸ்வீடனில் ஹெல்கோ என்ற தீவில் 1956இல் ஒரு சிறு வெண்கலப் புத்தர் சிலை கிடைத்தது. இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் செய்தது. கை மாறிக் கை மாறிப் போயிருக்கவேண்டும். அப்படி ஒரு சோழர் காலப் பொருள் போகட்டும். தோர்தான் இந்திரன் என்று மட்டும் சமன்பாடு போடாதீர்கள். இடியும் பாம்பும் ஒத்துப்போகும், அதற்குமேல் இரண்டு பேரும் சுவாரசியம் இழந்துவிடுவார்கள்.

கே: அட்டைப்படத்தில் கொம்பு வைத்த தலைக்கவசமும் ரூன் எழுத்தும் போடலாமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

ப: கொம்பு வேண்டாம். 1943இல் நார்வேயில் கிடைத்த வைக்கிங் காலத்து யெர்முண்ட்பு தலைக்கவசத்தில் கொம்பு இல்லை. அந்த மோகத்தைப் பரப்பியது 1876இல் மேடையேறிய ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடக உடைகள். ரூன் போடலாம், ஆனால் இணையத்தில் கிடைக்கும் 24 எழுத்து வரிசை பழையது. வைக்கிங் காலத்தில் புழங்கியது 16 எழுத்து. அதில் க, ட, ப போன்றவற்றின் அழுத்தமான ஒலிக்கும் (k, t, p) தளர்ந்த ஒலிக்கும் (g, d, b) தனித்தனி எழுத்தில்லை. தமிழ் படிக்கிறவருக்கு அதில் என்ன கஷ்டம்!

கே: எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?
- மாணவர், முத்தியால்பேட்டை

ப: ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதிய 'உரைநடை எட்டா' என்ற நூல். அதன் 'கில்ஃபகின்னிங்' பகுதி கேள்வி - பதிலாகவே போகும், எளிது. பிறகு 'எட்டா பாடல்கள்' என்ற பழம்பாடல் தொகுப்பு. அதில் ஹாவமால், வொலுஸ்பா என்ற இரண்டு பாடல்களும் கட்டாயம். பிராடரின் 1916 உரைநடை மொழிபெயர்ப்பும் பெல்லோஸின் 1923 பாடல் மொழிபெயர்ப்பும் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நடை பழசு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறியது 1000 வாக்கில். ஸ்னோரி எழுதியது இருநூறு வருடம் கழித்து, ஒரு கிறிஸ்தவராக. அதனால் இடைவெளிகள் நிறைய. ஒன்பது உலகம் என்று பாடல்கள் சொல்கின்றன, ஆனால் ஒன்பதையும் வரிசையாகப் பட்டியல் போட்ட பழம்பிரதி ஒன்றுகூட இல்லை. கடையில் விற்கும் வரைபடங்கள் எல்லாம் பிற்காலத்தவர் இட்டு நிரப்பியவை. உங்கள் நாவலுக்கு நீங்களே ஒன்று வரைந்துகொள்ளலாம்.