ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அதிகமானால் உடலில் என்ன ஆகும்? அதற்குச் சிகிச்சை என்ன?

நான் பட்டதையே சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சூரை மீன் குழம்பு. சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முகமும் கழுத்தும் தீயாகக் காந்தின. நெஞ்சு படபடவென்று அடித்தது, தாங்க முடியாத தலைவலி. கொஞ்ச நேரத்தில் தம்பிக்கும் அதே கதை. சாப்பிடும்போதே நாக்கில் மிளகைக் கடித்தது போல ஒரு சுரீர் இருந்தது. அம்மா காரத்தைக் கூட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டோம்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த மீனை வேறு யார் சாப்பிட்டது?" தம்பியைக் காட்டினேன். "அப்படியென்றால் அலர்ஜியாக இருக்காது, மீனிலேயே ஹிஸ்டமின் ஏறியிருக்கிறது" என்றார்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்த மீனை உடனே ஐஸில் போடாவிட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் அது அழியாது. கெட்ட வாடைகூட வராமல் இருக்கலாம்.

ஹிஸ்டமின் நம் உடம்பிலும் இருப்பதுதான். அலர்ஜியில் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அதைக் கொட்டுகின்றன. எங்கிருந்து வந்தாலும் அது செய்யும் வேலை ஒன்றே: ரத்தக்குழாய்களை விரித்துக் கசிய விடும், அதனால் சிவப்பு, தடிப்பு, வீக்கம், தலைவலி. மூச்சுக்குழாயை இறுக்கும், வயிற்றில் அமிலத்தைக் கூட்டும்.

எனக்கு செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரைதான் கொடுத்தார்கள். அது ஹிஸ்டமினை வெளியேற்றாது. ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடும், அவ்வளவுதான். மறுநாள் சரியாகிவிட்டது. இந்த மாத்திரை சிலருக்குத் தூக்கம் வரவழைக்கும், போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். ஆனால் மூச்சு இழுத்தாலோ, நாக்கு, தொண்டை வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ மாத்திரையை நம்பி உட்காரவே கூடாது. அப்போது உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

காசநோய்க்கு ஐசோநியாசிட் எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை அந்த மருந்து தடுப்பதால், அதே மீன் அவர்களைக் கடுமையாகத் தாக்கலாம்.

நான் இன்றும் சூரை சாப்பிடுகிறேன். ஐஸில் புதைத்து வைத்திருக்கும் மீனாகப் பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். முதல் வாயிலேயே நாக்கு சுரீர் என்றால் தட்டை நகர்த்திவிடுவேன்.