‘ஷட் அப்’ தவிர, ஒருவரைப் பேசாமல் இருக்கச் சொல்ல ஆங்கிலப் பேச்சு வழக்கில் என்னென்ன உண்டு?

படிக்கிற காலத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை பார்த்தேன். இதில் பாதியை நான் கற்றது அங்கேதான்.

வெள்ளிக்கிழமை இரவு ஆர்டர் குவியும்போது ஆளாளுக்குக் கத்துவோம். மூத்த சமையல்காரம்மா ஒரு குரல் கொடுப்பார்: “ஹாட் யெர் வீஷ்ட்!” முதல் வாரம் அது எந்த மொழி என்றே எனக்குப் புரியவில்லை. அது ஸ்காட்ஸ், ஸ்காட்லாந்துக்காரர்கள் பேசும் மொழி. ‘ஹாட்’ என்றால் பிடித்து வை. ‘வீஷ்ட்’ என்பது குழந்தைகளிடம் நாம் ‘உஷ்’ என்கிறோமே, அப்படி ஒரு சத்தம். அயர்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ‘விஷ்ட்’ என்பார்கள். பாட்டி பேரனிடம் சொன்னால் கொஞ்சல், அடுப்படியில் சொன்னால் அதட்டல். அந்த அம்மா வாயிலிருந்து வந்தால் யாருக்கும் கோபம் வராது.

“புட் எ சாக் இன் இட்” வேறு கதை. என் வயதுப் பையன் ஒருவன் இதை என்னிடம் சொன்னான். வாயில் காலுறையைத் திணித்துக்கொள் என்கிறானே என்று அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. இடைவேளையில் அவனே டீயோடு வந்து உட்கார்ந்து, இது கூடப் பழகுகிறவர்களிடம் சும்மா சொல்வது என்றான். அந்தக்கால கிராமபோனில் ஒலியைக் குறைக்க வழி இல்லாததால் அதன் புனலுக்குள் காலுறையைத் திணித்தார்கள், அதிலிருந்து வந்தது என்று நிறையப் பேர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் இல்லை. 1919இல் இங்கிலாந்தில் இது அச்சில் வந்திருக்கிறது. சத்தம் போடும் வாயை அடைப்பது என்ற நேரடிப் பொருளே போதும் என்று நினைக்கிறேன்.

“பைப் டவுன்” என்பதில் வரும் பைப் தண்ணீர்க் குழாய் இல்லை, கப்பலில் ஊதும் விசில். பிரிட்டிஷ் கடற்படையில் இரவின் கடைசி விசிலுக்குப் ‘பைப் டவுன்’ என்று பெயர். அது கேட்டால் மாலுமிகள் சத்தமில்லாமல் படுக்கப் போய்விட வேண்டும். இன்று அதிகமும் ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளிடம் சொல்வது.

“ஜிப் இட்”, “பட்டன் இட்” இரண்டும் சொன்னவுடன் புரிந்துவிடும். “பெல்ட் அப்” விமானப்படைக்காரர்களிடமிருந்து வந்தது, பிரிட்டனில் வயதானவர்கள் சொல்லிக் கேட்கலாம். வாயையே கேக் போடும் ஓட்டை என்று சொல்லி “ஷட் யுவர் கேக்ஹோல்” என்பார்கள். அமெரிக்காவில் கேக்குக்குப் பதில் ‘பை’ என்ற பலகாரம், அதனால் “பைஹோல்”. நம்மூர் “வாய மூடுடா” மாதிரி, நண்பர்களுக்குள் மட்டும்.

இனி வரும் மூன்றைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். “கிவ் இட் எ ரெஸ்ட்” என்று யாராவது சொன்னால் குரலைத் தாழ்த்தினால் போதாது, அந்தப் பேச்சையே விட வேண்டும். ‘சொன்னதையே சொல்லாதே, போதும்’ என்று அர்த்தம். “வைண்ட் யுவர் நெக் இன்” என்றால் கழுத்தை உள்ளே இழு, அதாவது இதில் நீ தலையிடாதே. “மம்ஸ் த வேர்ட்” என்பதில் அம்மா இல்லை. ‘மம்’ என்பது உதட்டை மூடினால் வரும் ‘ம்ம்’. ரகசியத்தை வெளியே விடாதே என்பதுதான் பொருள். இதை ‘ஷட் அப்’ வரிசையில் சேர்ப்பது தவறு.

சரி, நீங்களே சொல்ல வேண்டி வந்தால்? ரயிலிலோ பக்கத்து வீட்டிலோ என்றால், “குட் யூ கீப் இட் டவுன் எ பிட், ப்ளீஸ்?” இது யாரையும் புண்படுத்தாது. மற்றவற்றைக் காதில் வாங்கி வையுங்கள். எதிரில் இருப்பவர் உங்களிடம் அப்படி உரிமையோடு பேசத் தொடங்கிய பிறகு நீங்களும் பேசலாம்.

அப்புறம் இன்னொன்று. ‘ஷட் அப்’ எப்போதும் வாயை மூடச் சொல்வதும் இல்லை. என் அக்காவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்த செய்தியைச் சமையலறையில் சொன்னபோது, கூட வேலை பார்த்த பெண் கண்ணை அகல விரித்து “ஷட் அப்!” என்று கூவினாள். ‘நிஜமாவா!’ என்கிறாள் என்று புரிவதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு போட்டோ கேட்டு வந்து நின்றாள்.