அந்த வசனத்தை யார், யாரிடம் சொன்னார்?

கேள்வி: ‘மற்றவர்கள்தான் நரகம்’ என்று பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் சொன்னதாக எங்கு பார்த்தாலும் பகிர்கிறார்கள். மனிதர்களிடமிருந்து ஒதுங்கி இருப்பதுதான் நிம்மதி என்பது அவருடைய தத்துவமா?

பதில்: இல்லை. அதைச் சொல்வது அவருடைய நாடகத்தில் வரும் கார்சின் என்ற பாத்திரம். 1944இல் பாரிஸில் மேடையேறிய அந்த நாடகம் தமிழில் ‘மீள முடியுமா?’ என்ற பெயரில் வந்திருக்கிறது. செத்துப்போன கார்சின், எஸ்தெல், ஈனெஸ் என்ற மூன்று பேரை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள், அதுதான் நரகம்; தீ இல்லை, சித்திரவதைக் கருவி இல்லை, முகம் பார்க்க ஒரு கண்ணாடிகூட இல்லை. அதனால் எஸ்தெல் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டால் அது சரியாக இருக்கிறதா என்று ஈனெஸ் பார்த்துச் சொல்ல வேண்டும், அவளோ இல்லாத பருவை இருப்பதாகச் சொல்லி எஸ்தெலைப் பதறவைக்கிறாள். கார்சின் போருக்குப் பயந்து ஓடியவன். தான் கோழை இல்லை என்று இன்னொருவர் வாயால் கேட்டாக வேண்டும் அவனுக்கு.

அந்த வசனத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடப்பதை யாரும் பகிர்வதில்லை. கதவு திறந்துகொள்கிறது, கார்சின் போகலாம். ஆனால் போகவில்லை, ஏனென்றால் ஈனெஸ் அவனைக் கோழை என்றே நினைக்கிறாள், அவள் மனதை மாற்றாமல் அவனால் வெளியே கால் வைக்க முடியவில்லை. மற்றவர்களை நரகம் என்று சொல்கிறவன், அவர்களை விட்டுப் போக வாய்ப்புக் கிடைத்தும் போக முடியாமல் நின்றவன். இந்த வரியைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று சார்த்தரே பின்னாளில் விளக்கினார்: நம்மை நாமே அறிந்துகொள்வதற்கு மற்றவர்கள் அவ்வளவு முக்கியம், அதனால்தான் அந்த உறவு கெட்டுப்போனால் நரகமாகிவிடுகிறது.

கேள்வி: ‘நல்லது கெட்டது என்று எதுவும் இல்லை, நம் எண்ணம்தான் அப்படி ஆக்குகிறது.’ இது ஷேக்ஸ்பியரின் கருத்துதானே?

பதில்: ஹாம்லெட் சொல்வது, அதுவும் தன்னை வேவு பார்க்க அரசன் வரவழைத்த இரண்டு பழைய நண்பர்களிடம். டென்மார்க் ஒரு சிறை என்கிறான், எங்களுக்கு அப்படித் தோன்றவில்லையே என்கிறார்கள், அதற்குப் பதிலாகத்தான் இந்த வரி வருகிறது. தன் தந்தையின் கொலையைப் பற்றி ஹாம்லெட் ஒரு கணம்கூட அப்படி நினைப்பதில்லை.

கேள்வி: சோஃபக்ளீஸின் கிரேக்க நாடகம் ‘ஆன்டிகனி’ படித்தேன். அரசன் கிரெயோனின் தடையை மீறி அண்ணன் பாலினைசிஸை அடக்கம் செய்த அவள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. ஆனால் இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்று ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

பதில்: ஆன்டிகனி பக்கம்தான். ஆனால் ஹெகலை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கிரெயோனை ஒரு நிமிடம் அவன் இடத்தில் நின்று பாருங்கள். உள்நாட்டுச் சண்டை அப்போதுதான் முடிந்திருக்கிறது, சொந்த ஊர் மீதே படையெடுத்து வந்தவன் பாலினைசிஸ், அவனுக்கும் ஊரைக் காத்துச் செத்தவனுக்கும் ஒரே மரியாதையா என்று ஒரு புது அரசன் கேட்பதில் அர்த்தமே இல்லை என்று சொல்ல முடியுமா? நாடு என்கிற கப்பல் மூழ்காமல் இருந்தால்தான் நமக்கு நண்பர்களே அமைவார்கள் என்கிறான், அதுவும் உண்மைதான். அவளோ எழுதப்படாத, என்றைக்கும் மாறாத தெய்வ நீதியைச் சொல்கிறாள், ஒரு மனிதனின் கட்டளை அதற்கு மேலே போக முடியாது என்கிறாள். குடும்பக் கடமையும் அரசின் கடமையும் மோதுகின்றன, இரண்டுமே தன்னை மட்டும் முழு நியாயமாக எடுத்துக்கொள்கின்றன என்பது ஹெகலின் வாசிப்பு.

நான் விலகுவது எங்கே என்றால், சோஃபக்ளீஸ் தராசைச் சமமாகப் பிடிக்கவில்லை. கிரெயோனின் மகன் ஹைமன், அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன், அப்பாவிடம் வந்து பேசும் காட்சியைத் திரும்பப் படியுங்கள், எனக்கு இந்த நாடகத்தின் மையமே அதுதான். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் தன் கிளைகளைக் காப்பாற்றிக்கொள்கிறது, விறைத்து நிற்பது வேரோடு போகிறது என்கிறான். ஊர் அவளுக்காக அழுகிறது, உங்களிடம் சொல்லத்தான் பயப்படுகிறது என்கிறான். கிரெயோன் கேட்கவில்லை. தவறு அவனுடைய சட்டத்தில் மட்டும் இல்லை, தனக்கு எதிரான பேச்சில் ஒரு துளி அறிவு இருக்கலாம் என்பதையே ஏற்க முடியாததில் இருக்கிறது. (ஆன்டிகனியும் வளைகிறவள் இல்லை, தங்கை இஸ்மினி கூடச் சாகிறேன் என்று வரும்போது அவளை விரட்டுகிற கடுமை எனக்கு இன்றும் வலிக்கிறது.)

அப்புறம் ஒரு சின்ன விஷயம். கடைசியில் கிரெயோன் மனம் மாறுகிறான். முதலில் போய் அந்தப் பெண்ணை விடுதலை செய், பிறகு பிணத்தை அடக்கம் செய் என்று கோரஸ், அதாவது மேடையில் ஊர்ப் பெரியவர்களாக வரும் குழு, சொல்கிறது. அவன் முதலில் பிணத்தை அடக்கம் செய்துவிட்டுத்தான் அவளை அடைத்துவைத்த குகைக்குப் போகிறான், அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். உயிரோடு இருப்பவள் அப்போதும் அவனுக்கு இரண்டாவதுதான்.

கேள்வி: ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘கலிலியோ’வில், ‘வீரர்கள் தேவைப்படும் நாடுதான் பரிதாபமானது’ என்கிறார் கலிலியோ. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்திலிருந்து, திருச்சபை விசாரணையில் அவர் உயிருக்குப் பயந்து பின்வாங்கியதை நாடகம் நியாயப்படுத்துகிறதா?

பதில்: அந்த வரி வருகிற இடத்தில் அப்படித் தோன்றும். மாணவன் ஆந்திரியா ஆத்திரத்தில், வீரர்கள் இல்லாத நாடு பரிதாபத்துக்குரியது என்று கத்துகிறான், அதற்கு அவர் சொல்லும் பதில் அது. ஆனால் நாடகம் அங்கே நிற்பதில்லை. பிரெக்ட் இதை முதலில் எழுதியது 1938–39இல். 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு, விஞ்ஞானியின் பொறுப்பு என்ற கேள்வியே வேறாகிவிட்டது, அந்த மாற்றம் புதிய வடிவத்தில் இறங்கியது. பல ஆண்டுகள் கழித்து ஆந்திரியா அவரைப் பார்க்க வருகிறான். காவலுக்கு நடுவே அவர் ரகசியமாக எழுதி முடித்த நூலின் பிரதி கையில் கிடைத்ததும், ஓ, இதற்காகத்தான் அன்று பணிந்தீர்களா, என்ன தந்திரம் என்று புல்லரித்துப்போகிறான். நாமும் நம்பத் தயாராகிவிடுகிறோம். கலிலியோ மறுக்கிறார்: தந்திரம் எதுவும் இல்லை, சித்திரவதைக் கருவிகளைக் காட்டினார்கள், வலிக்குப் பயந்தேன். ஆந்திரியா கை நீட்டுகிறான். அவர் அந்தக் கையைப் பார்க்கிறார், பிடிக்கவில்லை. நீ இப்போது பாடம் நடத்துகிறவன், என்னுடையதைப் போன்ற ஒரு கையைப் பிடிக்க உனக்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்கிறார்.