அட்டையில் அச்சடிக்காத வசனம்

அன்புள்ள ஐயா,

வருடப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கொரு வேத வசனம் அச்சடித்துக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது எரேமியா 29:11. அப்போது வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அட்டையை அவர் தலைமாட்டுச் சுவரில் ஒட்டிவைத்தேன். ஏப்ரலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். போனில் ஜெபிக்கும் ஒரு அக்கா, “உங்க விசுவாசத்துல எங்கயோ குறை இருக்கு” என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம். அதிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. நான்கு மாதமாகக் கோயிலுக்கும் போகவில்லை. “மனசைத் தேத்திக்கிறதுக்கு நாமளே செஞ்சுக்கிறதும்மா இது” என்கிறான் மகன். தேவ வல்லமை மெய்தானா? ஆறுதல் என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

சில வாரங்களாக நான் எரேமியாவைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தை எடுத்துவைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருக்க முடியவில்லை.

மகன் பேச்சை விடுங்கள். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை. அவன் துக்கம் அப்படிப் பேசுகிறது. அவனோடு வாதம் செய்யாதீர்கள், நேரத்துக்குச் சோறு போடுங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு வரியில்தான். “அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம்” என்று எப்படி எழுத மனம் வந்தது உங்களுக்கு? வாரம் மூன்று நாள் அவரை அழைத்துப்போய், ஊசி குத்தின கையைத் தடவிவிட்டு, தண்ணீரைக்கூட அளந்து கொடுத்த பெண்ணின் விசுவாசத்தை எடைபோட அந்த அம்மாள் யார்? டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். 1951இல் கண்மூடும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தவர்! அவருக்கா விசுவாசக் குறைவு? அவர் கல்லறையில் பெயர்ப் பலகை கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி இருக்கிறது, அதில் ‘அம்மா’ என்று எழுதியிருக்கிறது. அந்தப் போன் எண்ணை இனி எடுக்காதீர்கள்.

இப்போது அட்டைக்கு வருகிறேன். ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு’ என்றுதான் நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம் தொடங்குகிறது, ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று முடிகிறது. நோயாளியின் தலைமாட்டில் அதை ஒட்டினால் யாருக்குத்தான் வேறு அர்த்தம் படும்? நீங்கள் எதிர்பார்த்த முடிவு அவர் எழுந்து நடப்பது. எபிரேய மூலத்தில் அங்கே இருப்பது ‘பின்வரும் காலமும் நம்பிக்கையும்’ என்ற பொருள்தரும் இரண்டு சொற்கள். நாம் எதிர்பார்த்தது என்ற பேச்சே அதில் இல்லை.

அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதம் அது. நம் அட்டையில் அச்சடிப்பது பதினோராம் வசனத்தை மட்டும். அதற்கு நேர் மேலே, பத்தாம் வசனத்தில் என்ன இருக்கிறது? எழுபது வருடம். எழுபது வருடம் நிறைவேறின பின்புதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறார் கர்த்தர். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த நாற்பது வயதுக்காரர் எவரும் ஊர் திரும்பியிருக்க மாட்டார். அந்தக் கூட்டத்தில் நிச்சயம் விதவைகள் இருந்திருப்பார்கள். ஆறுதல் அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. என்ன சொல்கிறது? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்று. பதினோராம் வசனத்தின் ‘சமாதானம்’ ஏழாம் வசனத்திலேயே வந்துவிடுகிறது, அதுவும் பகைவனுடைய ஊரில்.

முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவரும் என்கிறான். ஆலயத்தில் சகல ஜனங்களுக்கும் முன்பாக, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கூட்டம் எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கும்! அனனியாவும் கர்த்தருடைய பெயரைச் சொல்லித்தான் பேசினான், தேவ வல்லமையைத்தான் பிரசங்கித்தான். எரேமியா அவனைப் பார்த்து, இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படி செய்தாய் என்கிறார். சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் கட்டிலருகே நின்று ‘இந்த மாதத்துக்குள் அற்புதம்’ என்று சொல்லிப்போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் வாயால் சொன்னார்கள். உங்களைக் கைவிட்டது அந்த இரண்டு வருட வாக்கு. பத்தாம் வசனத்தை அச்சடிக்காதவர்கள் மேல் எனக்கு உள்ள வருத்தம் சின்ன வருத்தம் இல்லை.

ஜெபம் வரவில்லை என்கிறீர்கள். என் தங்கை 1988இல் மஞ்சள் காமாலையில் போனாள், பத்தொன்பது வயது. துக்கத்துக்கு வந்தவர்கள் வரிசையாக ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது யோபு தன் பிள்ளைகளை இழந்தபோது தன் வாயால் சொன்னது. இழந்தவர் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கூடாது. யோபுவின் சிநேகிதர்கள்கூட ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது.

எங்கள் ஊர் உபதேசியார் ஒருவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்காருவார். இருட்டியதும் போய்விடுவார். நான்காம் நாள் வேதத்தைத் திறந்து 88ஆம் சங்கீதத்தை வாசித்தார். அறிமுகமானவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள் என்று முடிகிற சங்கீதம் அது. கடைசியில் ஸ்தோத்திரமும் இல்லை, விடியலும் இல்லை. அம்மா நிமிர்ந்து, “இப்படியும் வேதத்துல எழுதியிருக்கா?” என்று கேட்டாள். “எழுதியிருக்கும்மா. இராகத் தலைவன்கிட்ட குடுத்துப் பாட வச்சிருக்காங்க” என்றார். துக்கம் வந்ததிலிருந்து அம்மா ஒரு வாக்கியம் முழுதாகப் பேசியது அன்றைக்குத்தான்.

அம்மா கோயிலுக்குப் போனாள், பாடவில்லை. பாமாலைப் புத்தகம் கையில் திறந்தபடி இருக்கும், வாய் மூடியிருக்கும். நான் பக்கத்தில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பெருவிரல் முதல் வரியின் மேல் அழுந்தி நகம் வெளுத்திருக்கும். பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அந்த விரல் எடுபடாது. பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. உபதேசியார் ஒருநாள் வாசலில் வைத்து அவளிடம் சொன்னார்: “நீ பாடாட்டா என்னம்மா, நாங்க பாடுதோம்லா. நீ வந்து நில்லு.”

நான்கு மாதம் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன். ஜெபம் வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்கிறீர்கள். யார் அப்படிச் சொன்னது? இயேசுவே சிலுவையில் சொந்தமாக ஒரு ஜெபம் தேடவில்லை. ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று 22ஆம் சங்கீதத்தை எடுத்துத்தான் கூப்பிட்டார். சிநேகிதன் லாசருவின் கல்லறையருகே, அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் கண்ணீர் விட்டார். வல்லமை மெய்யா என்று கேட்டீர்கள். நான் கண்ட வல்லமை இவ்வளவுதான்: அழுகிறவர்கள் பக்கத்தில் வந்து நின்று அழுதது. அதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது, நம்புகிறேன்.

அட்டையைக் கிழித்துப் போடாதீர்கள். பின்பக்கம் காலியாக இருக்கும். பேனாவால் பத்தாம் வசனத்தையும், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிற ஐந்தாம் வசனத்தையும் எழுதி, அதே இடத்தில் ஒட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் போய் நில்லுங்கள். யாராவது குறை கேட்டால் பதில் சொல்ல வேண்டாம்.

அம்மா எந்த ஞாயிறு மறுபடி பாடத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கவனித்தபோது பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்திருந்தது.