பதில்: திருப்பத்தில் கம்பளி நூல் நேராக நிற்கவில்லை

ஏஎஸ்கே 21 என்ற இரட்டை இருக்கைக் கிளைடரில் (எஞ்சின் இல்லாத பயிற்சி விமானம்) இடப்பக்கம் திரும்ப ஆரம்பித்ததுமே மூக்கு வலப்பக்கம் போகிறது, விமானம் பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று காட்ட முன்கண்ணாடியில் ஒட்டிய கம்பளி நூலும் வலப்புறம் சாய்கிறது, பின்சீட்டிலிருந்து பயிற்சியாளர் "ரட்டர், ரட்டர்" (கால் பெடலால் திருப்பும் வால் சுக்கான்) என்று கத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். கையில் கோளாறு இல்லை, கால்தான் தாமதம்.

கையிலுள்ள ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் வலது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடான எய்லரான் கீழே இறங்கும். அந்த இறக்கை கூடுதலாகத் தூக்கும், கூடவே காற்றின் இழுவையும் அதில் கூடும். அதுதான் மூக்கை எதிர்த்திசைக்கு இழுக்கிறது. இந்த விமானத்துக்கு இறக்கை நுனிக்கு நுனி 17 மீட்டர். அவ்வளவு தள்ளி நின்று பிடித்து இழுத்தால் மூக்கு திரும்பாமல் என்ன செய்யும்?

ஆகவே ஸ்டிக்கும் பெடலும் ஒரே நேரத்தில், ஒரே பக்கம். நீங்கள் நினைப்பதைவிட அழுத்தமாகவே மிதிக்க வேண்டியிருக்கும். தேவையான சாய்வு வந்ததும் இரண்டையும் தளர்த்துங்கள். பலர் காலை மட்டும் அப்படியே மறந்துவிடுவார்கள். நூலின் வால் போகும் பக்கத்துக்கு எதிர்ப் பெடல், அவ்வளவுதான். அதற்காக நூலையே முறைத்துக்கொண்டு பறக்காதீர்கள், பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும்.

அப்புறம், நல்ல உயரத்தில் தூரத்து மேகம் ஒன்றை மூக்குக்கு நேரே வைத்து, மூக்கு நகராமல் இறக்கைகளை மட்டும் மாறி மாறிச் சாய்த்துப் பழகக் கேளுங்கள். கால் தானாகப் படியும்.

ஒன்றில் மட்டும் கவனம். இறங்குமுன் வரும் கடைசித் திருப்பத்தில், ஓடுபாதை தப்பிவிடுமோ என்று உள்பக்கப் பெடலை அமுக்காதீர்கள். வேகமும் குறைந்திருந்தால் விமானம் ஸ்பின்னில், அதாவது சுழன்றபடி கீழே, விழும், மீள உயரம் இருக்காது. அங்கே நூல் உள்பக்கம் சாய்வதைவிட வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்வதே மேல்.