எந்த விசா, யார் ஏஜென்ட், எங்கே ரசீது? வெளிநாட்டு வேலை: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் போகும் நாட்டின் பெயரே இல்லை. ‘ஃபாரின்’ என்று ஒரு நாடு கிடையாது. நாடு, விசா வகை, கம்பெனி பெயர் மூன்றையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் பதிலும் அரைகுறையாகத்தான் வரும்.

பத்தாவது பாஸ். பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரை இல்லை. துபாய் போக குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டுமா? (அரியலூர்)

வேண்டாம். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தை இங்கே எந்த அதிகாரியும் பார்க்கப்போவதில்லை என்பதும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகிறவருக்கு அந்தச் சோதனை உண்டு. உங்களுக்கு நீங்கள்தான் சோதனை. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்.

ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். பாதி கொடுத்துவிட்டேன். நம்பலாமா? (சிவகங்கை)

கொடுத்த பிறகு கேட்கிறீர்கள். எந்த நாடு, ரசீது உண்டா, ஏஜென்டுக்கு லைசென்ஸ் உண்டா, ஒன்றும் எழுதவில்லை.

1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவுச் சான்று பெற்றவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,000 சொச்சம். அதற்கு ரசீது தந்தாக வேண்டும். ஊரில் டீக்கடையில் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு போகிறாரே ‘சப்-ஏஜென்ட்’, அப்படி ஓர் ஆள் சட்டத்தில் கிடையாது. ‘சென்னை ஆபீஸ் லைசென்ஸ்தான் நமக்கும்’ என்பார். அந்த ஆபீஸைக் கேட்டால் ‘அவர் யாரென்றே தெரியாது’ என்பார்கள். பணம் கைமாறிய இடத்தில் காகிதமே இல்லையென்றால் இருவர் சொல்வதும் செல்லுபடியாகிவிடும்.

வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் முகவர் பட்டியல் இருக்கிறது. லைசென்ஸ் எண்ணைப் போட்டால் நடப்பில் உள்ளதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா, ரத்தாகிவிட்டதா என்று காட்டும். ஐந்து நிமிட வேலை. பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது, முகவரியும் ஒத்துப்போகிறதா பாருங்கள். நல்ல கம்பெனியின் எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டு திரிகிறவர்கள் நிறைய.

இனி ஆற்றாமையோடு ஒன்று. லைசென்ஸ் இல்லாமல் ஆள் எடுத்தாலோ கூடுதலாக வசூலித்தாலோ, 24ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஒரே ஆளிடம் ஒன்றரை லட்சம் கறப்பவனுக்கு இது என்ன உறைக்கும்? போதாக்குறைக்கு, ‘மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது’ என்று சொல்லி ஸ்டேஷனில் திருப்பி அனுப்புகிறார்கள். அது அரை உண்மை. 27ஆம் பிரிவின் மறுபாதியையும் காட்டுங்கள்: பாதிக்கப்பட்டவரோ, அவருடைய அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்களோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. புகாரில் குடிபெயர்வுச் சட்டத்தின் 10, 24 பிரிவுகளோடு மோசடிக்கான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 318ஆம் பிரிவையும் குறிப்பிடுங்கள். ஒரு பிரதி மாவட்டக் குற்றப்பிரிவுக்கு, ஒரு பிரதி சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு. வாட்ஸ்அப் உரையாடல், ஜி-பே திரைப்பதிவு எதையும் அழிக்காதீர்கள். மீதிப் பணத்தைக் கொடுக்கவே வேண்டாம். ‘மீதி கொடுத்தால்தான் பாஸ்போர்ட்’ என்று மிரட்டினால் அதையும் புகாரில் சேருங்கள்.

மறுபடி சொல்கிறேன்: ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

சவூதியில் ஆறு வருஷம். கடைசி நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை. எக்ஸிட் தருகிறேன், ஊருக்குப் போ என்கிறார் முதலாளி. போகலாமா? (தம்பி சார்பில் அண்ணன், புதுக்கோட்டை)

போவதற்கு முன் செய்ய வேண்டியது இருக்கிறது. எக்ஸிட் (நாட்டை விட்டு வெளியேறும் விசா) கொடுக்கும்போது அரபியில் ஒரு தாளை நீட்டுவார்கள். பெரும்பாலும் ‘எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்று இருக்கும். கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது. இக்காமா (அங்கே தங்கும் அனுமதி) செல்லுபடியில் இருக்கும்போதே தொழிலாளர் அலுவலகத்தில் புகாரைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். முதலில் சமரசம், அதில் தீராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம்.

பணிக்கொடை தனி. முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு மாதம். 1,500 ரியால் என்றால் ஆறு ஆண்டுக்கு 5,250. தானாக ராஜினாமா செய்தால் இதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் வெறுமனே ‘ராஜினாமா’ என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. சம்பளம் தராததால் சவூதி தொழிலாளர் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி விலகுவதாக எழுத வேண்டும், முழுத் தொகை நிற்கும்.

தங்க முடியாது என்றால் கிளம்பும் முன் நம்பகமான ஒருவருக்கு அங்கேயே பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும். ஊருக்கு வந்து எழுதினால் நோட்டரி, வெளியுறவு அமைச்சக முத்திரை, மொழிபெயர்ப்பு என்று அலைய வேண்டும். வேலை முடிந்து 12 மாதம் தாண்டிவிட்டால் வழக்கை எடுக்க மாட்டார்கள்.

மனைவிக்கு வயது 27. முதலில் துபாய் விசிட் விசா, அங்கிருந்து ஓமனில் வீட்டு வேலை என்கிறார்கள். (கடலூர்)

அனுப்பாதீர்கள். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும், அதுவும் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான். தமிழ்நாட்டில் சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். இந்த இரண்டையும் ஏய்க்கத்தான் விசிட் விசா. அங்கே போனபின் அவர் எங்கே இருக்கிறார் என்பதே எந்த அரசுப் பதிவிலும் இருக்காது.

குவைத் விசாவில் 20 என்று இருக்கிறது, வேலை கம்பெனியில் என்கிறார்கள். பரவாயில்லையா? (ராமநாதபுரம்)

பரவாயில்லை என்று விட முடியாது. 20 வீட்டு வேலை, 18 தனியார் கம்பெனி. 20இல் போய்க் கம்பெனியில் வேலை செய்து பிடிபட்டால் நாடு கடத்தல்.

முதலாளி பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார். (ஊர் இல்லை, நாடும் இல்லை)

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. கத்தார், அமீரகம், சவூதி எங்கும் முதலாளி அதைப் பிடித்து வைக்கக் கூடாது. எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் தூதரகத்தில் மனுக் கொடுங்கள். அடுத்த முறை நாட்டின் பெயரை எழுதுங்கள்.

அண்ணன் மஸ்கட்டில் மாரடைப்பால் இறந்துவிட்டார். காப்பீடு பத்து லட்சம் வருமா? (பெரம்பலூர்)

வருத்தமான பதில்தான். அரசின் காப்பீட்டுத் திட்டமான பிரவாசி பாரதிய பீமா யோஜனா பத்து லட்சம் தருவது விபத்து மரணத்துக்கும் விபத்தில் நிரந்தர ஊனமானாலும்தான். மாரடைப்பு அதில் வராது. ஆனால் சம்பளப் பாக்கி, பணிக்கொடை, கம்பெனிக் காப்பீடு எல்லாம் வாரிசுக்குச் சேர வேண்டியவை. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பவர் பத்திரத்துடன் கலெக்டர் அலுவலகம் வழியாகத் தூதரகத்துக்கு அனுப்புங்கள். உடலை அனுப்பும் செலவை முதலாளி ஏற்க மறுத்தால் தூதரகத்தின் சமூக நல நிதியைக் கேட்கலாம். ‘எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கம்பெனி வாட்ஸ்அப்பில் அனுப்பும் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உடல் வர வேண்டுமே என்ற பதற்றத்தில் போடுகிறவர்கள்தான் அதிகம்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் ஒரு லட்சம், டிக்கெட் இலவசம், வீடியோ காலில் இன்டர்வியூ. போகலாமா? (கோவை)

டைப் அடிக்க ஒரு லட்சமும் கொடுத்து டிக்கெட்டும் எடுத்துத் தரும் கம்பெனி, பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் இணைய மோசடிக் கூடத்தில் உட்கார வைக்கும். போகாதீர்கள். போய்விட்ட நண்பர் யாராவது இருந்தால், அவர் கடைசியாக அனுப்பிய லொக்கேஷனையும் பாஸ்போர்ட் நகலையும் வைத்து வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) புகார்த் தளத்தில் புகார் பதிவுசெய்து, 1800 11 3090 உதவி எண்ணுக்கும் இன்றே பேசுங்கள்.